குடியேற்றச் சட்டம் படிக்க வருபவர்கள் கேட்கும் கேள்விகள்

குடியேற்றச் சட்டம் படிக்கலாமா என்று யோசிப்பவர்களும், படிக்கத் தொடங்கிக் குழம்பியவர்களும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். ஆளுக்கொரு முறை பதில் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவைப்பது மேல் என்று தோன்றியது. கேள்விகளை அவர்கள் கேட்ட பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

குடியேற்றச் சட்டம்னா விசா வாங்குற வழிமுறைதானே? அதுல படிக்க என்ன இருக்கு?

விசா அதில் ஒரு பகுதிதான். ஒரு நாட்டுக்குள் யார் வரலாம், எவ்வளவு காலம் தங்கலாம், வேலை செய்யலாமா, குடும்பத்தை அழைத்துக்கொள்ளலாமா, எப்போது வெளியேற்றப்படலாம், எப்போது குடிமகன் ஆகலாம் என்பதெல்லாம் இதற்குள் வரும்.

படிவத்தை நிரப்பத் தெரிவது ஒன்று. அந்தப் படிவத்தில் ஏன் அந்தக் கேள்வி இருக்கிறது என்று தெரிவது இன்னொன்று. அமெரிக்கக் குடியுரிமை விண்ணப்பத்தில் 'நீங்கள் கம்யூனிஸ்ட் கட்சியில் உறுப்பினராக இருந்ததுண்டா?' என்று இன்றும் கேட்கிறார்கள். சோவியத் ஒன்றியம் கலைந்தது 1991-இல். கேள்வி மட்டும் பனிப்போரின் தொடக்க ஆண்டுகளில் எழுதப்பட்ட சட்டத்திலிருந்து இன்னும் போகவில்லை. ஒரு காலத்தின் பயம் சட்டப் பிரிவாகி, அந்தப் பயம் போன பிறகும் பிரிவு மட்டும் நிற்பது இந்தத் துறையில் அடிக்கடி நடக்கும். படிப்பு என்று நான் சொல்வது இதைத் தேடிப் பார்ப்பதைத்தான்.

அகதி, குடியுரிமை, நாடுகடத்தல் எல்லாம் ஒரே சட்டத்துலயா வருது?

நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் 1952-ஆம் ஆண்டின் ஒரே பெரிய சட்டத்துக்குள் எல்லாவற்றையும் திணித்து, அதையே இன்றுவரை திருத்திக்கொண்டிருக்கிறார்கள். பிரிட்டனில் குடியேற்றத்துக்கு 1971 சட்டம், குடியுரிமைக்கு 1981 சட்டம் என்று தனித்தனி. அகதி விஷயத்தில் பெரும்பாலான நாடுகளுக்கு அடிப்படை 1951-ஆம் ஆண்டின் அகதிகள் ஒப்பந்தமும் அதன் 1967 நெறிமுறையும்.

வக்கீலுக்குப் படிக்காதவங்க இதைப் படிக்கலாமா?

தாராளமாக. வரலாறு, பொருளாதாரம், அரசறிவியல் படித்தவர்கள் இதில் நன்றாகவே தேறுகிறார்கள். ஒரே எச்சரிக்கை: படிக்கலாம், ஆனால் உரிமம் இல்லாமல் பிறருக்கு ஆலோசனை சொல்லும் தொழிலில் இறங்கக் கூடாது. பிரிட்டனில் அது குற்றம். கனடாவிலும் கட்டணம் வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்ல வழக்கறிஞராகவோ உரிமம் பெற்ற ஆலோசகராகவோ இருக்க வேண்டும்.

எந்த நாட்டுச் சட்டத்தை எடுத்துப் படிக்கிறது?

ஒரு நாட்டை ஆழமாகவும் இன்னொன்றை ஒப்பிடும் அளவுக்கும் படியுங்கள். அமெரிக்கா பலருக்கும் வசதியாக இருக்கிறது. தீர்ப்புகளும் சட்டமன்ற விவாதங்களும் ஏராளமாக, இலவசமாகக் கிடைக்கின்றன, ஒன்றரை நூற்றாண்டு வரலாறும் தொடர்ச்சியாக இருக்கிறது. அதனால்தான் இங்கே எடுத்துக்காட்டுகளிலும் அந்த நாடு அடிக்கடி தலைகாட்டுகிறது. ஒப்பிடுவதற்குக் கனடா நல்லது: அண்டை நாடு, ஆனால் தொழில் குடியேற்றத்தில் 1967 முதல், படிப்பு, மொழி போன்ற தகுதிகளுக்கு மதிப்பெண் போட்டு ஆளெடுக்கும் புள்ளி முறை என்ற வேறு பாதையில் போனது.

ஒரு நாடு யாரை வேணும்னாலும் வராதேன்னு சொல்லலாமா? அரசியல் சாசனம் எங்கே போச்சு?

இந்தத் துறையில் காலை வைத்ததும் எல்லாருக்கும் வரும் அதிர்ச்சி இது. சே சான் பிங் என்ற சீனத் தொழிலாளி 1875 முதல் 1887 வரை அமெரிக்காவில் வாழ்ந்தவர். சீனாவுக்குப் போய்வரப் புறப்பட்டபோது, திரும்பி வரலாம் என்று அரசே கொடுத்த சான்றிதழ் கையில் இருந்தது. அவர் திரும்பும் கப்பல் நடுக்கடலில் இருந்தபோது, 1888 அக்டோபர் 1 அன்று, அந்தச் சான்றிதழ்கள் அத்தனையும் செல்லாது என்று ஒரு சட்டம் நிறைவேறியது. சில நாட்களில் சான் பிரான்சிஸ்கோ வந்து சேர்ந்தவரை இறங்க விடவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 1889-இல் நீதிமன்றம், வெளிநாட்டவரை விலக்குவது ஒரு நாட்டின் இறையாண்மையைச் சேர்ந்தது, அரசின் அரசியல் கிளைகள் (நாடாளுமன்றமும் அதிபரின் நிர்வாகமும்) எடுத்த முடிவில் தலையிட மாட்டோம் என்றது.

அந்தத் தீர்ப்பு இன்னும் சாகவில்லை. 1893-இல் இன்னொரு சீனர் வழக்கில், நாடுகடத்தல் என்பது தண்டனையே அல்ல என்றார்கள். தண்டனை இல்லை என்றாகிவிட்டால் குற்றவியல் வழக்கில் கிடைக்கும் பாதுகாப்புகளும் இல்லை. குடியேற்ற நீதிமன்றத்தில் நிற்பவருக்கு அரசு செலவில் வக்கீல் கிடைக்காததற்கு வேர் இங்கே இருக்கிறது. வக்கீல் வைத்துக்கொள்ளலாம், செலவு அவருடையது. சிறுவர்களுக்கும் இதே விதிதான்.

அப்போ கோர்ட்டுக்கு இதுல வேலையே இல்லையா?

இருக்கிறது, ஆனால் பெரும்பாலும் பக்கவாட்டு வழியில் வருகிறது. யாரை அனுமதிப்பது என்ற முடிவை நீதிமன்றங்கள் தொடத் தயங்கும். அந்த முடிவை எடுத்த முறை சரியா என்று கேட்கத் தயங்காது. 2001-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், வெளியேற்ற உத்தரவு வந்த பிறகும் எந்த நாடும் ஏற்காததால் அனுப்ப முடியாதவர்களைக் காலவரையின்றி அடைத்து வைக்க முடியாது, ஆறு மாதம் தாண்டினால் அரசு காரணம் காட்ட வேண்டும் என்றது. 2010-இல், குற்ற வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டால் நாடுகடத்தப்படுவாய் என்று எச்சரிக்க வேண்டியது வக்கீலின் கடமை என்றது. நாடுகடத்தல் தண்டனை அல்ல என்ற 1893 கோட்பாட்டை அது நேரடியாகத் தூக்கி எறியவில்லை. ஆனால் சில நேரம் தண்டனையின் மிக முக்கியமான பகுதியே அதுதான் என்பதை ஒப்புக்கொண்டது.

கனடாவில் கதை வேறு. அந்த நாட்டு உரிமைகள் சாசனம் 'ஒவ்வொருவருக்கும்' என்று சொல்கிறது, 'ஒவ்வொரு குடிமகனுக்கும்' என்று அல்ல. 1985-இல் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைப் பிடித்துக்கொண்டது. கனடா மண்ணில் நின்று அகதி கோருபவரின் நம்பகத்தன்மை கேள்விக்குள்ளானால், அவரை நேரில் கேட்காமல் காகிதத்தை மட்டும் பார்த்து நிராகரிக்கக் கூடாது என்றது. ஒரு முழு அகதித் தீர்ப்பாயமே அந்தத் தீர்ப்பின் விளைவாகப் பின்னர் உருவானது. 2002-இன் சுரேஷ் வழக்கையும் படியுங்கள். இலங்கைத் தமிழர் ஒருவரைச் சித்திரவதை ஆபத்துள்ள இடத்துக்கு அனுப்பலாமா என்பது கேள்வி. பொதுவாகக் கூடாது என்று சொன்ன அதே நீதிமன்றம், விதிவிலக்கான சூழல் இருக்கக்கூடும் என்று ஒரு சன்னலையும் திறந்து வைத்தது. அந்தச் சன்னலைப் பற்றி இன்னும் சண்டை ஓயவில்லை.

கொள்கையை யார் தீர்மானிக்கிறாங்க? மக்கள் கருத்துதானே?

மக்கள் கருத்து பெரும்பாலும் 'கூட்டு, குறை' என்ற அளவோடு நின்றுவிடும். பிரிவுகளின் நுணுக்கங்களை எழுத வைப்பவர்கள் வேறு. பண்ணை முதலாளிகள், கட்டுமானத் துறை, மென்பொருள் நிறுவனங்கள், பல்கலைக்கழகங்கள் என்று குடியேற்றத்தால் நேரடியாகப் பயனடைபவர்கள் சிலரே. ஆனால் அவர்கள் அமைப்பாகத் திரண்டிருப்பவர்கள். சுமை இருந்தால் அது பலர்மேல் சிறிது சிறிதாகப் பரவுகிறது, அதனால் எதிர்ப்பு திரளத் தாமதமாகும். திரண்டுவிட்டால் தேர்தலையே புரட்டும். கதவை மூடுவோம் என்று மேடையில் முழங்கும் அரசு, அறுவடைக்கால விசாக்களைச் சத்தமில்லாமல் கூட்டுவதன் ரகசியம் இதுதான்.

தொழிற்சங்கங்கள் எப்போதும் எதிர்ப்பக்கம் என்று நினைக்க வேண்டாம். நெடுங்காலம் கட்டுப்பாட்டை ஆதரித்த அமெரிக்கத் தொழிற்சங்கக் கூட்டமைப்பு ஏ.எஃப்.எல்-சி.ஐ.ஓ. 2000-இல் திரும்பி நின்று, ஆவணமற்ற தொழிலாளர்களுக்குச் சட்ட அந்தஸ்து கேட்டது. சங்கத்தில் புதிதாகச் சேர்ந்துகொண்டிருந்தவர்களில் கணிசமானோர் குடியேறிகள். அவர்களை விட்டால் சங்கமே வளராது என்ற நிலை.

இன்னொரு சக்தியைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: வெளியுறவு. 1882-இல் வந்த சீனர் விலக்குச் சட்டம் 1943-இல் நீக்கப்பட்டது. மனசாட்சி விழித்ததால் மட்டும் அல்ல. சீனா போரில் கூட்டாளி, ஜப்பானோ இந்தச் சட்டத்தைக் காட்டியே பிரச்சாரம் செய்துகொண்டிருந்தது. நீக்கிவிட்டுக் கொடுத்த ஒதுக்கீடு ஆண்டுக்கு 105 பேர். 1946-இல் இந்தியர்களுக்குக் கிடைத்தது 100. ஆள் எண்ணிக்கையாகப் பார்த்தால் இவை ஒன்றுமே இல்லை. ஆனால் அந்தச் சட்டங்களோடு சேர்ந்து குடியுரிமை பெறும் தகுதியும் வந்தது, அதுதான் பெரிய மாற்றம்.

பொருளாதாரம் நல்லா இருந்தா கதவைத் திறப்பாங்க, மோசமானா மூடுவாங்க. இவ்ளோதானே?

திறப்பதுவரை இந்தக் கணக்கு ஓரளவு சரி. மூடும்போது கணக்கு தப்புகிறது. மேற்கு ஜெர்மனி 1955-இல் இத்தாலியோடும் 1961-இல் துருக்கியோடும் ஒப்பந்தம் போட்டுத் தொழிலாளர்களை வரவழைத்தது. எண்ணெய் நெருக்கடியை ஒட்டி 1973-இல் ஆள்சேர்ப்பை நிறுத்தியது. அதுவரை வந்து வந்து போனவர்கள், இனி போனால் திரும்ப முடியாது என்று புரிந்ததும் அங்கேயே தங்கினார்கள், மனைவி மக்களையும் அழைத்துக்கொண்டார்கள். குடும்பத்தை அரசியல் சட்டம் பாதுகாத்ததால் அரசால் எளிதில் தடுக்க முடியவில்லை. தற்காலிகத் தொழிலாளர் திட்டம் நிரந்தரச் சமூகத்தை உருவாக்கியதில் அந்த 'நிறுத்து' உத்தரவுக்கே பெரிய பங்கு உண்டு.

நினைத்தது ஒன்று நடந்தது ஒன்று என்பதற்கு இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு அமெரிக்காவின் 1965 சட்டம். தேசவாரி ஒதுக்கீட்டை ஒழித்த இந்தச் சட்டத்தில், திறமைக்கு முதலிடம் என்றிருந்த வரைவை மாற்றிக் குடும்ப உறவுக்கு முதலிடம் கொடுக்க வைத்தவர்கள், பழைய இனக்கலவை அப்படியே தொடரும் என்று நம்பினார்கள். ஏற்கெனவே இருப்பவர்கள் ஐரோப்பியர்கள், ஆகவே வரும் உறவினர்களும் ஐரோப்பியர்களாகத்தானே இருப்பார்கள் என்பது கணக்கு. கையெழுத்திட்ட அதிபர் ஜான்சனும் இது புரட்சிகரமான சட்டம் அல்ல என்றார். ஐரோப்பியர்களுக்கு வரும் ஆர்வம் குறைந்தது. ஆசியர்களும் லத்தீன் அமெரிக்கர்களும் அதே குடும்ப வழியில் வந்தார்கள்.

இனப் பாகுபாடெல்லாம் பழைய கதைதானே? இப்போ சட்டத்துல எந்த நாட்டுப் பேரும் இல்லையே?

பெயர் இல்லாமலேயே பாகுபாடு காட்டுவது பழைய கலை. ஆஸ்திரேலியாவின் 1901 சட்டத்தில் எந்த இனத்தின் பெயரும் இல்லை. ஏதாவது ஓர் ஐரோப்பிய மொழியில் 50 சொற்களை அதிகாரி படிக்க, கேட்டு எழுத வேண்டும், அவ்வளவுதான். எந்த மொழி என்பதை அதிகாரி முடிவு செய்வார். தேர்வில் யாரும் தேற வேண்டும் என்பது நோக்கமே இல்லை. இந்தச் சுற்றுவழியை எடுத்ததற்கும் வெளியுறவுதான் காரணம். வெளிப்படையாக நிறத்தைச் சொன்னால் ஜப்பானும் பிரிட்டனின் ஆசியக் குடிகளும் புண்படுவார்கள் என்று லண்டன் கவலைப்பட்டது. 1934-இல் இகான் கிஷ் என்ற பத்திரிகையாளரைத் தடுக்க நினைத்தார்கள். அவருக்குப் பல ஐரோப்பிய மொழிகள் தெரியும் என்பதால் ஸ்காட்டிஷ் கேலிக் மொழியில் தேர்வு வைத்தார்கள். உயர் நீதிமன்றம் அது சட்டம் சொல்லும் ஐரோப்பிய மொழி ஆகாது என்று அவரை விடுவித்தது. தேர்வு 1958 வரை சட்டத்தில் இருந்தது.

கனடா 1908-இல் 'பிறந்த நாட்டிலிருந்து இடையில் நிற்காத பயணம்' என்று விதி போட்டது. இந்தியாவிலிருந்து அப்படி வர நேரடிக் கப்பலே இல்லாமல் பார்த்துக்கொண்டார்கள். 1914-இல் 376 பேரோடு வான்கூவர் வந்த கொமகட்டா மாரு கப்பல் பெரும்பாலானோரை இறக்கவே முடியாமல் திரும்பியது இந்த விதியால்தான். ஆகவே ஒரு விதியைப் படிக்கும்போது அது யார் பெயரைச் சொல்கிறது என்று பார்ப்பதோடு, நடைமுறையில் யார் மாட்டுகிறார்கள் என்றும் பாருங்கள்.

எல்லா நாட்டுக்கும் ஒரே அளவுன்னா அது நியாயம்தானே? பின்ன ஏன் இந்தியர்களுக்கு மட்டும் கிரீன் கார்டு இவ்வளவு தாமதம்?

முந்தைய பதிலுக்கு இது இன்றைய எடுத்துக்காட்டு. அமெரிக்காவில் வேலை அடிப்படையில் ஆண்டுக்குச் சுமார் 1,40,000 கிரீன் கார்டு, அதாவது நிரந்தரமாகத் தங்கும் உரிமை. இந்த எண்ணை நிர்ணயித்தது 1990 சட்டம், இன்னும் மாறவில்லை. மனைவி, கணவர், பிள்ளைகளும் இந்த எண்ணுக்குள்ளேயே வருகிறார்கள். எந்த ஒரு நாட்டுக்கும் 7 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது, மற்றவர்கள் பயன்படுத்தாமல் மிஞ்சினால் மட்டும் கூடுதலாகக் கிடைக்கும். ஐஸ்லாந்துக்கும் 7, இந்தியாவுக்கும் 7. குடியுரிமையைப் பார்ப்பதில்லை, பிறந்த நாட்டைத்தான் பார்க்கிறார்கள். இந்தியாவில் பிறந்து கனடாக் குடிமகன் ஆனவரும் இந்திய வரிசையில்தான்.

இன்னொரு பக்கம் எச்-1பி என்ற தற்காலிக வேலை விசாவுக்கு நாட்டுவாரி உச்சவரம்பு கிடையாது. உள்ளே வரும் கதவில் நாடு பார்ப்பதில்லை, நிரந்தரமாகும் கதவில் பார்க்கிறார்கள். வரிசை நீளாமல் என்ன செய்யும்? திருத்த வேண்டும் என்று பல மசோதாக்கள் வந்தன. உச்சவரம்பை எடுத்தால் மற்ற நாட்டவர் காத்திருப்பு கூடும், மொத்த எண்ணைக் கூட்டினால் குடியேற்றத்தையே எதிர்ப்பவர்கள் விடமாட்டார்கள். இதனால் பாதிக்கப்படுபவர்களில் பெரும்பாலோருக்கு அங்கே ஓட்டும் இல்லை.

கஷ்டப்பட்டு ஓடி வர்றவங்க எல்லாரும் அகதிதானே?

சட்டத்தில் இல்லை. 1951 ஒப்பந்தப்படி இனம், மதம், தேசியம், குறிப்பிட்ட சமூகக் குழுவில் இருப்பது, அரசியல் கருத்து ஆகிய ஐந்தில் ஒன்றின் காரணமாகத் துன்புறுத்தப்படுவோம் என்ற நியாயமான அச்சம் வேண்டும். பசியும் வறட்சியும் இந்தப் பட்டியலில் இல்லை. போர்கூடத் தனியாகப் போதாது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஐரோப்பாவை மனதில் வைத்து எழுதிய வரையறை இது. 1951-க்கு முந்தைய நிகழ்வுகளுக்கு மட்டுமே முதலில் பொருந்தியது, 1967 நெறிமுறைதான் அந்தக் கால எல்லையை எடுத்தது. இன்று வழக்குகள் அதிகம் நடப்பது 'குறிப்பிட்ட சமூகக் குழு' என்ற சொற்களைச் சுற்றித்தான். குடும்ப வன்முறைக்கு ஆளான பெண்களும் கும்பல்களுக்குப் பயந்து ஓடியவர்களும் அதற்குள் வருவார்களா என்பது ஆட்சிக்கு ஆட்சி ஆடும் ஊஞ்சல்.

ஒப்பந்தத்தின் உயிர்நாடி 33-ஆவது பிரிவு: ஆபத்துள்ள இடத்துக்குத் திருப்பி அனுப்பாதே. கவனியுங்கள், உள்ளே விடு என்று எங்கும் சொல்லவில்லை. அதனால்தான் பணக்கார நாடுகள் ஆட்களைத் தங்கள் மண்ணை மிதிக்கும் முன்பே கடலிலும் அடுத்த நாட்டிலும் நிறுத்தப் பாடுபடுகின்றன. இந்தியா இந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை, அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இல்லை. அங்கே அகதி முகாமில் இருப்பவரும் சட்டத்தின் பார்வையில் வெளிநாட்டவரே, மற்றதெல்லாம் அரசாணைகளின் தயவு.

இடம்பெயராதவங்களுக்கும் இந்தச் சட்டத்துக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. எங்கும் போகாமலேயே ஒருவர் வெளிநாட்டவர் ஆகலாம். இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டம் தந்தையும், சில இடங்களில் பாட்டனும் அங்கே பிறந்ததற்குச் சான்று கேட்டது. தோட்ட லயங்களில் பிறந்து வளர்ந்த மலையகத் தமிழர்களில் பெரும்பாலோரிடம் அந்தக் காகிதம் இல்லை. ஒரே சட்டத்தில் நாடற்றவர் ஆனார்கள். 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு போட்டார்கள், மீதி 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். 1974-இல் அவர்களையும் பாதி பாதியாகப் பிரித்தார்கள். மிச்சமிருந்தவர்களின் நாடற்ற நிலை முடிய 2003 வரை சட்டங்கள் தேவைப்பட்டன. யாருக்கு எங்கே போக விருப்பம் என்று கேட்டுப் போட்ட கணக்கு அல்ல அது.

சட்டவிரோதமா இருக்கிறவங்க ஒழுங்கா வரிசையில நின்னு வந்திருக்கலாமே?

பெரும்பாலானோருக்கு நிற்க வரிசையே இல்லை. நெருங்கிய உறவினரோ விண்ணப்பிக்கும் முதலாளியோ இல்லாத ஒரு கூலித்தொழிலாளிக்கு அமெரிக்கச் சட்டத்தில் நிரந்தர வழி மிகக் குறைவு.

வரலாற்றையும் பாருங்கள். 1942 முதல் 1964 வரை மெக்சிகோ தொழிலாளர்களைப் பண்ணைகளுக்கு அழைத்துவர ஓர் அரசுத் திட்டம் இருந்தது. அது முடிந்தது. 1965 சட்டம் மேற்கு அரைக்கோளத்துக்கும் முதல்முறையாக உச்சவரம்பு வைத்தது. வேலையும் ஆளும் அதே இடத்தில்தான், சட்டவழி மட்டும் மறைந்தது. 1986-இல் ஏறத்தாழ 27 லட்சம் பேருக்குச் சட்ட அந்தஸ்து கொடுத்தார்கள், முதலாளிகள்மீதான கண்காணிப்பு பெயரளவில் நின்றது. 1996-இல் அனுமதியின்றி ஓராண்டு இருந்தவர் வெளியேறினால் பத்தாண்டு திரும்ப முடியாது என்றார்கள். ஜெர்மனியில் நடந்ததேதான் மறுபடியும்: வெளியே போனால் வர முடியாது என்றால் யாரும் வெளியே போகமாட்டார்கள்.

சட்டம் ஒண்ணு, நடக்கிறது ஒண்ணு. புத்தகத்தைப் படிச்சு என்ன பயன்?

சட்டத்தோடு நிறுத்தினால் பயன் குறைவுதான். அதன் கீழே விதிகள், அதன் கீழே உள்சுற்றறிக்கைகள், அதற்கும் கீழே மேசையில் இருக்கும் அதிகாரியின் விருப்புரிமை. சிறுவயதில் அனுமதியின்றி அமெரிக்கா வந்தவர்களை நாடுகடத்தலிலிருந்து காக்கும் 'டாக்கா' (DACA) திட்டம் 2012-இல் சட்டமாக வரவில்லை, ஒரு துறைக் குறிப்பாணையாகத்தான் வந்தது. அதை அரசு ரத்து செய்த முறை தவறு என்றது 2020-இல் உச்ச நீதிமன்றம், ரத்து செய்யும் அதிகாரம் இல்லை என்று சொல்லவில்லை. மேலே சொன்ன 'முடிவா, முறையா' என்ற அதே வேறுபாடு.

அமெரிக்கக் குடியேற்ற நீதிபதிகள் நீதித்துறையின் சுதந்திர நீதிபதிகள் அல்ல, அதிபரின் அமைச்சரவையில் இருக்கும் அட்டர்னி ஜெனரலின் கீழ் வேலை செய்பவர்கள். அவர்களுடைய மேல்முறையீட்டு வாரியத்தின் தீர்ப்பை அவரே எடுத்து மாற்றி எழுதலாம். 1952 சட்டத்தின் ஒரு பிரிவு, நாட்டு நலனுக்குக் கேடு என்று கருதும் எந்த வகை வெளிநாட்டவரின் வருகையையும் நிறுத்திவைக்க அதிபருக்கு அதிகாரம் தருகிறது. 2018-இல், சில நாட்டவர் வருகையை அதிபர் தடுத்த பயணத்தடை வழக்கில் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்று அந்தத் தடையை நிலைநிறுத்தியது. நாடாளுமன்றத்தில் ஒரு வரிகூட மாறாமல் கொள்கை தலைகீழாவது இப்படித்தான்.

சரி, எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

பாடநூலின் முதல் அத்தியாயத்திலிருந்து வேண்டாம். உங்களைக் கோபப்படுத்தும் ஒரு பிரிவை எடுங்கள். அது எந்த ஆண்டு வந்தது, அப்போது என்ன போர், என்ன வேலைநிறுத்தம், எந்தத் தேர்தல் என்று பாருங்கள். விவாதத்தில் யார் ஆதரித்தார்கள், எந்தச் சங்கம் சாட்சி சொன்னது என்று தேடுங்கள். அப்புறம் அதன்மீது வந்த முதல் வழக்கு, கடைசி வழக்கு. கடைசியாக எண்கள்: அந்தப் பிரிவில் யார் வந்தார்கள், யார் தடுக்கப்பட்டார்கள். மாறுபட்ட தீர்ப்புகளையும் விடாதீர்கள். இன்றைய சிறுபான்மைக் கருத்து நாளைய வாதத்துக்கு உதவும்.

இவ்வளவும் படிச்சுட்டா என் கேஸை நானே பார்த்துக்கலாமா?

வேண்டாம். கொள்கை புரிவதற்கும் காலக்கெடு தப்பாமல் இருப்பதற்கும் தொடர்பில்லை. அமெரிக்காவில் தஞ்சம் கோருபவர் வந்த ஓராண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும், விதிவிலக்குகள் மிகச் சில. ஐந்து காரணங்களில் ஒன்று தெளிவாகப் பொருந்தும் வலுவான வழக்குகூட இந்த ஒரு தேதியால் விழுந்துவிடும். சிறிய குற்ற வழக்கில் அபராதம் கட்டி முடித்துவிட்டோம் என்று நினைப்பதும் அப்படித்தான், 2010 தீர்ப்பைப் பற்றி மேலே சொன்னதை நினைவில் வையுங்கள். உரிமம் பெற்றவரிடம் காட்டுங்கள். அவர் சொல்வதைப் புரிந்துகொண்டு சரியான கேள்வி கேட்க உங்கள் படிப்பு உதவும். அப்புறம், அனுப்பும் ஒவ்வொரு படிவத்துக்கும் ஒரு பிரதி கையில் வைத்துக்கொள்ளுங்கள்.